கடலூரில் ஆடிட்டர் தேடுகிறவர்களுக்கு: என் இரண்டு வருஷ அனுபவம், நாலரை ஸ்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆடிட்டர் ஆபீஸின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதத்தான் நினைத்தேன். "நல்லா நாலு வரி எழுதிப் போடறேன் சார், உங்களுக்கு நாலு பேர் வருவாங்க" என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எழுதுங்கம்மா, ஆனா என் பேரு வேணாம். எங்க இன்ஸ்டிட்யூட்ல விளம்பரம் பண்ணி ஆள் பிடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு" என்றார். நானாக எழுதுவதெல்லாம் விளம்பரத்தில் சேராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் குணம் அப்படி. மஞ்சக்குப்பத்தில் கோர்ட் பக்கம் போகிற வழியில், கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இரண்டாவது மாடி, படி செங்குத்து, லிஃப்ட் கிடையாது. வெளியே இருக்கிற பலகை இரண்டு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான், அதில் பெயரும் சி.ஏ. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) என்ற எழுத்தும் மட்டும். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஃப்ளெக்ஸ் கட்டி "24 மணி நேரத்தில் ஜி.எஸ்.டி." என்று போட்டிருப்பவர் பெரும்பாலும் சி.ஏ. இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வக்கீல்களுக்கும் இதே விதி உண்டு, பார் கவுன்சிலில்.

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து முந்திரிப் பருப்பு பாக்கெட் போடுகிறோம். காடாம்புலியூர் பக்கத்திலிருந்து பருப்பு வரும், குண்டு உப்பலவாடியில் ஒரு ஷெட்டில் தரம் பிரித்து, பாதியை அப்படியே, பாதியை மிளகு, மசாலா போட்டு வறுத்து விற்கிறோம். 2023 நடுவில் ஆரம்பித்தபோது எங்களுக்கு ஆடிட்டர் என்றால் யார், டேக்ஸ் கன்சல்டன்ட் என்றால் யார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எதுவும் தெரியாது. நம் ஊரில் ரிட்டன் போட்டுக் கொடுக்கிற எல்லோருமே ஆடிட்டர்தானே. அப்படி ஒரு "ஆடிட்டர்" தெரிந்தவர் மூலமாக வந்தார், ஆதாரையும் பேன் கார்டையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார், 2,500 ரூபாய் வாங்கினார், ஒரு வாரத்தில் ஜி.எஸ்.டி. நம்பர் வந்துவிட்டது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அவர் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போது பெரிய வசதியாகத்தான் தெரிந்தது.

அவர் எங்களைச் சேர்த்தது காம்போசிஷன் திட்டத்தில். சின்ன வியாபாரிக்கு அது நல்ல திட்டம்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. விற்ற தொகையில் 1 சதவீதம் கட்டினால் போதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கணக்கு வழக்கு குறைவு. ஆனால் பில்லில் வரி போட முடியாது, வாங்குகிறவருக்கு இன்புட் (நம்மிடம் கொடுத்த வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது, முக்கியமாக, வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது. நாங்கள் விற்றுக்கொண்டிருந்தது எங்கே? பாண்டியில். கடலூரிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம், ஆல்பேட்டை பாலத்தைத் தாண்டி முள்ளோடை வந்தால் பாண்டி. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் மாதிரி போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற ஊரை யார் வெளிமாநிலம் என்று நினைப்பார்கள்? சரக்கு 190 கிலோமீட்டர் போய்ச் சென்னையில் இறங்கினால் உள்மாநிலம், கன்னியக்கோயிலில் இறங்கினால் வெளிமாநிலம். ஜி.எஸ்.டி. எண்ணில் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34.

இது எங்களுக்குத் தெரிய வந்ததே நேரு வீதியில் ஒரு கடைக்காரர் சொல்லித்தான். ஏழு மாதம் வாங்கிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் எங்கள் பில்லை டேபிளில் தட்டித் தட்டி, "ஏம்மா, இந்தப் பில்லுல எனக்கு இன்புட்டே வரலியே, என் அக்கவுண்டன்ட் என்னைத் திட்டறான், நீங்க காம்போசிஷனா? காம்போசிஷன்ல இருந்துட்டு எப்படி எங்களுக்கு விக்கறீங்க?" என்று கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். அந்த "ஆடிட்டருக்கு" போன் போட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது ஒரு பதிலா?

அப்படித்தான் 2024 பிப்ரவரியில் இந்தச் செங்குத்துப் படியை முதல் தடவை ஏறினேன். உள்ளே மூன்று மேஜை, ஒரு பக்கம் ஆர்டிக்கிள்ஷிப் பையன்கள், அதாவது சி.ஏ. படித்துக்கொண்டே ஆபீஸில் வேலை கற்றுக்கொள்கிறவர்கள், சுவர் முழுக்க ஃபைல், ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் பெயர். சார் எடுத்தவுடன் ஆதார் கேட்கவில்லை. ஒரு ரஃப் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார், நான் டாக்டரிடம் வந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

"எங்கெங்கம்மா விக்கிறீங்க?"

சொன்னேன். பாண்டி என்றதும் பேனா ஒரு நொடி நின்றது, அப்புறம் எழுதிக்கொண்டார்.

"வறுத்து விக்கிறீங்களா, பச்சையாவா?"

இரண்டும் என்றேன். அந்தச் சமயத்தில் சும்மா பருப்புக்கு 5 சதவீதம், வறுத்து உப்பு, மசாலா போட்டதற்கு 12 சதவீதம். (2025 செப்டம்பர் 22-லிருந்து இரண்டுமே 5 ஆகிவிட்டது, அது வேறு கதை.) எங்களுக்கு இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாது.

"கொட்டையா வாங்கறீங்களா, பருப்பா வாங்கறீங்களா? யார்கிட்ட?"

இது எதற்கு என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. விஷயம் என்னவென்றால், உடைக்காத முந்திரிக் கொட்டையை விவசாயியிடமிருந்து நேராக வாங்கினால், விவசாயி வரி கட்ட வேண்டியதில்லை, பதிவு வாங்கிய வியாபாரிதான் அந்த வரியைத் தானே கட்ட வேண்டும். ரிவர்ஸ் சார்ஜ் என்கிறார்கள். பட்டறைக்காரரிடம் பருப்பாக வாங்கினால் அவரே பில்லில் வரி போட்டுத் தருவார். "எங்க மாமனார் தோப்புல வர்ற கொட்டையும் கொஞ்சம் உடைச்சுப்போம் சார்" என்றேன். "மாமனாரும் விவசாயிதானம்மா" என்றார் சிரிக்காமல்.

நான்கு கேள்விதான். முதல் ஆள் இந்த நான்கையும் கேட்டிருந்தால் எங்களுக்கு 41 ஆயிரத்துச் சொச்சம் மிச்சமாகியிருக்கும். காம்போசிஷனிலிருந்து வெளியேறுவதை விதி மீறின ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம், நாங்கள் ஏழு மாதம் தாண்டியிருந்தோம். பாண்டிக்கு முதல் பில் போட்ட தேதியிலிருந்து உள்ளூர் விற்பனையையும் சேர்த்து முழு வரி, அதற்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி, ஏற்கெனவே கட்டின 1 சதவீதத்தைக் கழித்து, நோட்டீஸ் வருவதற்கு முன்னால் நாமாகவே போய்க் கட்டிவிடலாம் என்று டி.ஆர்.சி-03 என்ற படிவத்தில் கட்ட வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. நாத்தனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, முதல் ஆளைக் கூட்டிவந்தது என் பக்கத்துச் சொந்தம் என்பதால்.

இன்னொரு கொடுமை, எங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் இருந்த மொபைல் நம்பர், ஈமெயில் இரண்டுமே அந்தப் பழைய ஆளுடையவை. ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவர் போனை எடுத்தால்தானே? இதற்கு வழி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்: பதிவுச் சான்றிதழ், பேன், அடையாள அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு நம்முடைய கணக்கு எந்த அதிகாரியின் கீழ் வருகிறதோ அந்த அலுவலகத்துக்கு நேரில் போனால் மொபைலும் ஈமெயிலும் மாற்றித் தருவார்கள். எங்களுக்கு வணிகவரி அலுவலகம். இரண்டு நடை ஆனது. இப்போது இதைப் படிக்கிறவர்களில் வியாபாரம் செய்கிறவர் யாராவது இருந்தால், எழுந்து போய் உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ரிட்டன் போட சி.ஏ.தான் வேண்டும் என்று இல்லை. ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் என்று முறையாகப் பதிவு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள், கட்டணமும் குறைவு. மளிகைக்கடை வைத்து அந்தத் தெருவுக்குள்ளேயே விற்கிறவருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் தணிக்கை என்று வந்தால், அதாவது கணக்கைப் பார்த்து இது சரி என்று கையெழுத்துப் போட, சி.ஏ. மட்டும்தான். அவர்களுக்கு 1949-லிருந்து தனிச் சட்டமும் இன்ஸ்டிட்யூட்டும் இருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டன்ட் என்பவர் வேறு, ஒரு கிலோ பருப்பை வறுத்துப் பாக்கெட் போட உண்மையில் எவ்வளவு அடக்கம் ஆகிறது என்று பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. கம்பெனி செக்ரட்டரி இன்னும் வேறு. நாங்கள் ஒரு வேகத்தில், "பிரைவேட் லிமிடெட் ஆக்கிடலாமா சார், கார்டுல போட்டா கெத்தா இருக்கும்" என்று கேட்டோம். "ஆக்கலாம். வியாபாரமே நடக்கலைன்னாலும் வருஷா வருஷம் ஆடிட் பண்ணணும், கம்பெனிப் பதிவாளருக்கு ரிட்டன் போகணும், லேட்டானா ஒரு ஃபாரத்துக்கு நாளைக்கு 100 ரூபா. அந்த ஃபாரமெல்லாம் பார்க்கறதுதான் கம்பெனி செக்ரட்டரி வேலை. கெத்துக்கு வருஷத்துக்கு எவ்ளோ ஒதுக்கியிருக்கீங்க?" என்றார். பார்ட்னர்ஷிப்பாகவே இருக்கிறோம். தனக்கு வரக்கூடிய ஃபீஸை வேண்டாம் என்று சொன்ன ஆள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பார்ட்னர்ஷிப் என்றதும் பத்திரக் கதை. பத்திரம் எழுதுகிறவரிடம் போய்ப் பார்ட்னர்ஷிப் டீடு எழுதினோம். நிலம், வீடு, தானம், செட்டில்மென்ட் என்றால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, நான்கு எல்லையையும் சர்வே நம்பரையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எங்கள் டீடை ஏதோ பழைய அரிசி மண்டி டீடிலிருந்து எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார், நான்காவது பக்கத்தில் "நெல் மற்றும் அரிசி" என்று அப்படியே இருந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். பார்ட்னருக்குச் சம்பளம், போட்ட முதலுக்கு வட்டி, இவை டீடில் எழுதியிருந்தால்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும், வட்டி 12 சதவீதம் வரைதான். எங்கள் டீடில் இரண்டுமே இல்லை. அப்புறம் திருத்த டீடு போட்டோம். அதையும் நோட்டரியிடம் கொண்டுபோய் முத்திரை வாங்கிவிட்டு, ரிஜிஸ்டர் ஆகிவிட்டது என்று நினைத்தோம். நோட்டரி போடுவது, கையெழுத்துப் போட்டவர் இவர்தான், என் முன்னால்தான் போட்டார் என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். ஃபர்ம் பதிவு என்பது மாவட்டப் பதிவாளரிடம் செய்வது. கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்யாத ஃபர்ம், பணம் தராமல் ஏமாற்றுகிறவர் மீது கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. கடனுக்குச் சரக்குக் கொடுக்கிற தொழிலில் இது சின்ன விஷயமா சொல்லுங்கள்.

பேங்க் லோன். 8 லட்சம் முத்ரா கடன், வறுக்கிற மெஷினுக்கும் சரக்குக்கும். முதல் ஆளின் காலத்திலேயே ஒரு பிராஜெக்ட் ரிப்போர்ட் தயார் செய்து வைத்திருந்தோம், கலரில், மூன்றாவது வருஷம் விற்பனை ஒரு கோடி என்று. மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கோடிக்கு எத்தனை டன் பருப்பு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்த சி.ஏ. முத்திரையைப் பார்த்துவிட்டு, "யு.டி.ஐ.என். எங்கம்மா?" என்றார். அது என்ன என்றே தெரியவில்லை. சி.ஏ. கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு சான்றிதழுக்கும் இன்ஸ்டிட்யூட் தளத்தில் உருவாக்குகிற 18 இலக்க எண் அது, 2019-லிருந்து கட்டாயம், யார் வேண்டுமானாலும் அந்தத் தளத்தில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். அந்த எண் இல்லாத சீல் எங்கிருந்து வந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது.

மஞ்சக்குப்பத்து ரிப்போர்ட் கறுப்பு வெள்ளை, பதினொரு பக்கம். அதற்காக நான் மூன்று நாள் பதில் சொன்னேன். ஒரு பெண் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தரம் பிரிப்பார், நூறு கிலோ வாங்கினால் முழுப் பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு, 240 என்ன விலை, 320 என்ன விலை (ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு அது, எண் கூடக்கூடப் பருப்பு சின்னது), கரண்ட் பில், கேஸ், தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் தவிர மற்ற மாதங்களில் என்ன நிலவரம். மூன்றாவது வருஷ விற்பனை 34 லட்சம் என்று வந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மேனேஜர் மறுபடி அதே கேள்விகளைக் கேட்டார், இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன், ரிப்போர்ட்டைத் திறக்கக்கூட இல்லை. ஐந்து வாரத்தில் பணம் வந்தது.

சின்னச் சின்ன வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உத்யம், அதாவது சிறுதொழில் பதிவு, முழுக்க இலவசம், அரசாங்கத் தளத்தில் ஆதாரும் பேனும் இருந்தால் நாமே செய்யலாம். "உங்க உத்யம் எக்ஸ்பயர் ஆகுது மேடம், 2,999 கட்டுங்க" என்று இந்தி கலந்த தமிழில் போன் வந்தால் வைத்துவிடுங்கள், அதற்குக் காலாவதியே கிடையாது. டிரேட்மார்க்குக்கு சார் தான் செய்யாமல் பாண்டியில் ஒரு வக்கீலிடம் அனுப்பினார். அந்த அம்மா முதலில் தேடிப் பார்த்து, நாங்கள் ஆசையாக வைத்த பெயருக்கு ஒட்டினாற்போல வேறொருவர் ஏற்கெனவே வாங்கியிருப்பதைக் காட்டினார், பெயரை மாற்றினோம். உத்யம் சான்றிதழ் இருந்ததால் அரசாங்கக் கட்டணம் 9,000-க்குப் பதில் 4,500. விண்ணப்பித்தவுடன் பெயருக்குப் பக்கத்தில் டி.எம். போடலாம், வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு கிடைத்த பிறகுதான். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அப்போது இருந்த 12 லட்சம் விற்பனை வரம்பைத் தாண்டப் போகிறோம், லைசென்ஸாக மாற்ற வேண்டும் என்று எங்களுக்கு முன்னால் கவனித்தது சாருடைய ஆர்டிக்கிள் பையன்.

அந்தப் பையனைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போனால் நன்றிகெட்ட தனம். மாதா மாதம் முதல் தேதி போன் செய்வான். "அக்கா, ஸ்டாக் எழுதுனீங்களா?" எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னால் போட்டோ எடுத்து அனுப்பு என்பான். எங்களுக்கு வெறுப்பாக இருக்கும். முந்திரி என்ன ஓடியா போகும், எதற்கு மாதா மாதம் எடை போடணும்?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்தில் கரையைக் கடந்தது. பாண்டியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. எங்களுக்கு அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தோம் என்று இருந்தோம். சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து டிசம்பர் 2 எங்கள் பக்கம் ஏறியது. ஷெட்டில் முழங்காலுக்கு மேல். கிறிஸ்துமஸ், புதுவருஷ ஆர்டருக்காக வாங்கி அடுக்கியிருந்த சரக்கில் கீழ் இரண்டு வரிசை அவ்வளவும் ஊறிப்போய்விட்டது. 2011 டிசம்பரில் தானே புயலில் மாமனாரின் முந்திரித் தோப்பே வேரோடு சாய்ந்ததைப் பார்த்த குடும்பம் இது. மாமியார் வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோரும் சொன்னது, நாற்றம் எடுக்கும் முன்னால் வெளியே கொட்டு என்று. சாருக்குப் போன் போட்டேன், அன்றைக்கு எடுத்தார். "எதையும் கொட்டாதீங்கம்மா. போட்டோ எடுங்க, சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரியற மாதிரி எடுங்க. இன்ஷூரன்ஸுக்கு இப்பவே சொல்லுங்க. சர்வேயர் வந்து பார்க்கட்டும்." லோன் கொடுத்தபோது பேங்க் போட வைத்த பாலிசி ஒன்று இருப்பதே எனக்கு மறந்திருந்தது.

சர்வேயர் என்றதும் நிலம் அளக்கிறவர் என்று நினைத்த நாத்தனார், எதற்கு அவர் என்று கேட்டாள். இவர் நஷ்டத்தை அளக்கிறவர். இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் அனுப்பும், ஆனால் அந்தக் கம்பெனியின் ஊழியர் கிடையாது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் தனியாக லைசென்ஸ் வாங்கியவர். நாலாவது நாள் வந்தார், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசவில்லை. முதலில் சரக்கைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார், சேற்றுக் கோட்டின் உயரத்தை டேப் வைத்து அளந்தார். அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கையை அடிவரை விட்டுத் துழாவி, அடியிலிருந்து ஒரு பருப்பை எடுத்து, இரண்டாக உடைத்து, முகர்ந்து பார்த்தார். மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னார்: ஒன்றும் ஆகாதது, விலை குறைத்தாவது போகக்கூடியது, குப்பை. நடுக்குவியலுக்கு என்ன கிடைக்குமோ அதை நஷ்டத்திலிருந்து கழிப்பார், சால்வேஜ் என்று பெயர்.

பிறகு கேட்டார், "ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கா?"

இருந்தது. வீட்டில் இருந்ததால் நனையவில்லை. நவம்பர் முதல் தேதி எழுதியது, அதற்கப்புறம் வந்த சரக்குக்குப் பில், போனதற்குப் பில், ஜி.எஸ்.டி. ரிட்டனிலும் அதே எண்ணிக்கை. அவர் அரைமணி நேரம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகத் தலையாட்டினார். பக்கத்து ஷெட்காரருக்கு எங்களைவிட நஷ்டம் அதிகம், பாலிசியும் இருந்தது, ஆனால் எவ்வளவு சரக்கு வைத்திருந்தார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அவர் கதையை அவர் சொல்லட்டும்.

எங்களுக்கும் முழுசாக வரவில்லை, அதையும் சொல்லணும். பாலிசி 4 லட்சத்துக்கு, அன்றைக்கு உள்ளே இருந்த சரக்கு 6 லட்சம். மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், அதனால் நஷ்டத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் என்றார் சர்வேயர். 1,20,000 நஷ்டத்துக்கு 80,000 என்று ஆகி, கழிவெல்லாம் போய்க் கைக்கு 70 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. பண்டிகை மாதங்களில் சரக்கு ஏறும்போது பாலிசித் தொகையையும் ஏற்ற வேண்டும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இது என் ஆடிட்டர் மேல் எனக்கு இருக்கிற ஒரே உண்மையான குறை. பேலன்ஸ் ஷீட்டில் சரக்கையும் பார்த்தார், பாலிசி பிரீமியத்தையும் பார்த்தார், இரண்டையும் சேர்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவரிடமே சொன்னேன். "ஆமாம்மா, கேட்டிருக்கணும்" என்றார். இப்போது தீபாவளிக்கு முன்னால் அந்தப் பையன் போனில் ஸ்டாக்கோடு பாலிசியையும் சேர்த்துக் கேட்கிறான். அரை ஸ்டார் குறைத்தது இதற்காகத்தான்.

மற்ற குறைகள் எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. மாதம் 9-லிருந்து 11, அப்புறம் 18-லிருந்து 20 வரை போகாதீர்கள், ரிட்டன் கடைசி நாள் நெருக்கத்தில் உங்களைப் பார்க்கக்கூட மாட்டார்கள். ஜூலையிலும் செப்டம்பரிலும் இன்னும் மோசம். வாட்ஸ்அப்பில் பதில் வராது, வந்தால் "ஓகே" என்று வரும். பில்லை ஷாப்பிங் பையில் கசக்கிப் போட்டுக் கொண்டுபோனால் சார் உங்கள் முன்னாலேயே அதை மேஜையில் கொட்டி, "இதை அடுக்கறதுக்கும் சேர்த்து ஃபீஸ் வாங்கணும்மா" என்பார், வாங்கியும் விடுவார். முட்டி வலி உள்ளவர்கள் கீழே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு போன் செய்தால் பையன் இறங்கி வருவான். எங்களுக்கு மாதம் 1,200 ரூபாய், வருஷாந்திரக் கணக்குக்கு 8,000. டவுனில் இதைவிடக் குறைவாகச் செய்ய ஆள் உண்டு, எனக்குத் தெரியும், அந்தக் குறைந்த விலையை நான் ஒரு தடவை கொடுத்துப் பார்த்தாயிற்று.

போன வாரம் ஆரோவிலில் ஒரு கடையிலிருந்து 15 கிலோ ஆர்டர் வந்தது. விலாசத்தில் 605101 என்று பின்கோடு, கூரியர்காரர் பாண்டிச்சேரி என்றே எழுதிவிட்டார். நாத்தனார் பாண்டி பில்லை எடுத்து வைத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, கடைக்காரர் அனுப்பியிருந்த ஜி.எஸ்.டி. நம்பரின் முதல் இரண்டு எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். 33. ஆரோவிலில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம். கொஞ்சம் பாண்டிக்குள்ளும் போகிறது, ஆனால் இந்தக் கடை தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அவள் பில் புத்தகத்தை மாற்றிக்கொண்டு, "இன்னும் எத்தனை கேள்விடி இருக்கு இதுல" என்றாள்.